பேனலில் பூட்டா, மோட்டார் பக்கத்தில் பூட்டா?

ஸ்டாப் பட்டனை அமுக்கினால் மோட்டார் நிற்கும். நின்றுவிட்டது என்பதற்காக அதில் கை வைத்துவிட முடியாது. அந்தப் பட்டன் செய்வதெல்லாம் காண்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்சின் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவதுதான். காயில் விட்டதும் ஸ்பிரிங் தள்ளி மூன்று முனைகளும் விலக வேண்டும். வருஷக்கணக்கில் அடித்துத் தேய்ந்த காண்டாக்டரில் ஒரு முனை உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் இரண்டு முனை கூட ஒட்டிக்கொள்ளும். முனைகள் ஒழுங்காக விலகினாலும், தொட்டியில் மிதக்கும் ஃப்ளோட் சுவிட்சோ, எங்கோ உட்கார்ந்திருக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியோ மறுபடி ‘ஓடு’ என்று சொல்லிவிடலாம். அதனால்தான் அமெரிக்காவில் 1989-இல் வெளியாகி 1990 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘பூட்டு, அட்டை’ விதி, புஷ் பட்டனையும் செலக்டர் சுவிட்சையும் மின் துண்டிப்புக் கருவி என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. பராமரிப்புக்கு முன்னால் மெயின் சப்ளையையே அறுத்துப் பூட்ட வேண்டும். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு, எங்கே அறுப்பது என்பதில்தான்.

ஒரு கட்சி, மின்சாரம் கிளம்பும் இடத்திலேயே அறு என்கிறது. அதாவது பேனல் ரூமில், அந்த மோட்டாருக்கு மட்டும் மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடரில். ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்குவது, எஸ்.எஃப்.யூ. என்ற சுவிட்ச்-ஃப்யூஸ் யூனிட்டின் கைப்பிடியை இறக்கிப் பூட்டுவது, பெரிய ஆலைகளில் ஃபீடர் மாட்யூலையே வெளியே இழுத்து வைப்பது எல்லாம் இந்தக் கட்சியின் முறைகள். இன்னொரு கட்சி, மின்சாரம் போய்ச் சேரும் இடத்தில், மோட்டாருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தனியாக ஒரு ஐசொலேட்டரை வை, வேலை செய்கிறவனே திருப்பித் தன் பூட்டைப் போட்டுக்கொள்ளட்டும் என்கிறது. நம் ஊர் மில்களில் முதல் கட்சிதான் பழையது, பெரும்பான்மையும் அதுவே. இரண்டாவது, வெளிநாட்டு மெஷின்களோடும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட்டோடும் உள்ளே வந்தது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்தக் கட்சியில் இருக்கிற பலர் அதன் ஓட்டைகளைப் பேசுவதில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வேலை வேண்டும். கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் எங்கே போனாலும் நூற்பாலைகளில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் இருக்கும். நூல் அறாமல் ஓட, ஸ்பின்னிங் ஹாலின் ஈரப்பதத்தைக் கட்டிக் காக்கிற இடம். காற்றை உள்ளே தள்ள ஃபேன், வெளியே இழுக்க ஃபேன், தண்ணீர் தெளிக்கப் பம்பு, பஞ்சை வடிகட்ட ஃபில்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். ஃபேன் இருக்கும் அறை ஒரு மூலையில், பேனல் ரூம் இன்னொரு மூலையில். நடுவில் ஸ்பிண்டில்களின் இரைச்சல். எக்ஸாஸ்ட் ஃபேனின் வி-பெல்ட் அறுந்துவிட்டது, மாற்ற வேண்டும். இந்தச் சின்ன வேலையில் இரண்டு முறைகளின் குணமும் தெரிந்துவிடும்.

பேனல் முறையில் இது இருவர் சேர்ந்து செய்கிற வேலை. ஃபிட்டருக்குப் பேனலைத் திறக்க அனுமதி இல்லை; அது சரியான தடைதான். அவர் வயர்மேனைக் கூப்பிட வேண்டும். வயர்மேன் பேனலுக்குப் போய், பெயர்ப் பலகையைப் பார்த்து, ஃப்யூஸை எடுத்து, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற போர்டை மாட்டிவிட்டு, போனில் சொல்ல வேண்டும்.

“ரெண்டாம் நம்பரை எடுத்தாச்சுங்களா?”

“எடுத்தாச்சுங்கண்ணா, நீங்க கை வையுங்க.”

ஃபிட்டரின் விரல்கள் இந்த இரண்டு வரியை நம்பித்தான் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போகின்றன. எந்த ரெண்டாம் நம்பர்? பழைய ஸ்பின்னிங் ஹாலின் ரெண்டாம் நம்பரா, விரிவாக்கத்தில் வந்ததா? பேனலை மாற்றி வைத்தபோது பெயர்ப் பலகைகளையும் சரிபார்த்து மாட்டினார்களா, பெயின்ட் அடித்தவர் கழற்றி வைத்துவிட்டுக் கிடைத்த வரிசையில் திருப்பி மாட்டினாரா? பேனல் முறையின் மிகப் பெரிய பலவீனம் மின்சாரத்தில் இல்லை, இந்தப் பெயரில் இருக்கிறது. கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், தப்பான ஃபீடரைப் பூட்டினால் அந்தப் பூட்டு வேறொரு மோட்டாரைத்தான் காக்கும்.

ஐசொலேட்டர் முறையில் பெயரே தேவையில்லை. ஃபேன் இங்கே, மோட்டார் இங்கே, அதிலிருந்து கிளம்பும் கேபிள் சுவரில் ஏறிப் போய் நுழைகிற பெட்டி இதோ. கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். ஃபிட்டர் கைப்பிடியைத் திருப்பி, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். யாருடைய சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. வேலை நடக்கும்போது யாராவது அந்தப் பெட்டிப் பக்கம் வந்தால் ஃபிட்டரின் கண்ணில் படுவார்.

அமெரிக்க மின் விதித்தொகுப்பு இந்தக் கண்பார்வையை அளந்தே வைத்திருக்கிறது: மோட்டாரின் துண்டிப்புக் கருவி, மோட்டாரிலிருந்தும் அது ஓட்டும் மெஷினிலிருந்தும் பார்வையில் இருக்க வேண்டும், பார்வை என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், 50 அடிக்கு மேல் தள்ளியும் இருக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், அதே விதியில் விலக்கும் உண்டு. எழுதி வைத்த பாதுகாப்பு நடைமுறையும் தகுதியான ஆட்களும் உள்ள தொழிற்சாலை என்றால், மோட்டார் பக்கத்தில் கருவி இல்லாமல், கன்ட்ரோலர் பக்கத்துத் துண்டிப்பையே பூட்டிக்கொண்டு வேலை செய்யலாம். அதாவது அந்த விதி இரண்டு கட்சிக்கும் இடம் கொடுத்து, பேனல் கட்சியிடம் மட்டும் ‘உன் நடைமுறையைக் காகிதத்தில் காட்டு’ என்று கேட்கிறது. தூரம் கூடினால் காகிதமும் கூட வேண்டும் என்ற இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே படுகிறது.

நம் சட்டம் பின்தங்கியது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 50-ஆவது விதி, மோட்டாருக்கு அடுத்தாற்போல், பொறுப்பாளர் எளிதில் எட்டி இயக்கும்படி, மொத்தச் சப்ளையையும் அறுக்கக்கூடிய சுவிட்ச் வேண்டும் என்று அப்போதே சொன்னது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் 1976-இல் சேர்த்த உட்பிரிவு, தற்செயலாக ‘ஆன்’ பக்கம் நகர்ந்துவிடக்கூடிய துண்டிப்புக் கருவிக்குப் பூட்டும் ஏற்பாடு வேண்டும் என்றது. அமெரிக்காவின் பூட்டு விதி வருவதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்னால்! ஆனால் மில்லுக்குள் போய்ப் பார்த்தால் மோட்டார் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ட்–ஸ்டாப் பட்டன் பெட்டி மட்டும்தான். ஸ்டாப் பட்டனை அமுக்கித் திருகி நிறுத்தி வைக்கலாம் என்பதால் அதையே துண்டிப்பாக எண்ணிக்கொள்கிறார்கள். அது காயிலை மட்டும்தான் நிறுத்துகிறது என்று மேலேயே பார்த்தோம்.

பேனல் பக்கம் திரும்புவோம். அங்கே எல்லா முறையும் ஒரே தரம் இல்லை. கடைசிப் படியில் இருப்பது பீங்கான் கிட்காட் ஃப்யூஸ். கேரியரைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் அதுதான் பூட்டு என்று பழைய வயர்மேன்கள் சொல்வார்கள். பிடுங்கிய இடம் வாய் திறந்து தெரிவதால், அறுந்தது கண்ணுக்கே தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் அது பல நவீன கருவிகளை விட நேர்மையானது. ஆனால் பக்கத்து ஃபீடரின் கேரியர் இந்த வாயிலும் அழகாகப் பொருந்தும். ‘ஏன் இது ஓடலை’ என்று அவசரத்தில் வருகிறவர் அதைப் பிடுங்கி இதில் குத்திவிடலாம். திறந்த வாயின் மேல்பக்க முனை அப்போதும் உயிரோடுதான் இருக்கும். இதை விட மோசம், மூன்றில் ஒன்றை மட்டும் பிடுங்குகிற பழக்கம். ஒன்று போனால் மோட்டார் கிளம்பாதுதான். ஆனால் மற்ற இரண்டு ஃபேஸுக்கும் இடையில் 415 வோல்ட் டெர்மினல் பெட்டி வரை வந்து நிற்கலாம். பெல்ட் மாற்றுகிறவருக்கு அது ஒன்றும் செய்யாது. டெர்மினல் நட்டைக் கழற்றுகிறவரை அது விடாது.

எஸ்.எஃப்.யூ. ஒரு படி மேல். கைப்பிடி மூன்று ஃபேஸையும் சேர்த்து அறுக்கிறது. ‘ஆஃப்’ நிலையில்தான் கதவு திறக்கும், பூட்டுப் போட ஓட்டையும் இருக்கும். நான் பார்த்தவரை அந்த ஓட்டைகளில் பாதிக்கு மேல் ஒரு தடவை கூடப் பூட்டைப் பார்த்ததில்லை; கம்பியில் கட்டிய அட்டைதான் தொங்கும். அட்டை ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். அனல் மின் நிலையம் மாதிரியான இடங்களில் உள்ள இழுவை மாட்யூல்தான் பேனல் முறையின் உச்சம். மாட்யூல் வெளியே நிற்கும்போது மின்முனைகள் பஸ்-பாரை விட்டு விலகியிருப்பதைப் பற்றிச் சந்தேகமே இல்லை. அதிலும் ‘டெஸ்ட்’ நிலையில் மின்முனை விலகினாலும் கன்ட்ரோல் சப்ளை உயிரோடு இருக்கும். ‘டெஸ்ட்’டில் நிறுத்திவிட்டுப் வேலை பெர்மிட் கொடுத்தால் பாதி வேலைதான் செய்ததாக அர்த்தம்.

இப்போது என் கட்சியின் ஓட்டைகள். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஐசொலேட்டரை மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பு ஆடிட்டுக்காக வாங்கிய மில்களில் பரவலாக இருக்கிறது.

முதல் ஓட்டை, காண்டாக்டர் அங்கே பிடித்தபடியே இருப்பது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, ஃபிட்டர் ஸ்டாப் அமுக்காமல் நேராக ஐசொலேட்டரைத் திருப்பிவிட்டார். மோட்டார் நின்றது. ஆனால் தூரத்துப் பேனலில் ஸ்டார்ட்டருக்கு இது தெரியாது. காயிலுக்குச் சப்ளை ஃபீடர் பக்கத்திலிருந்து வருவதால் காண்டாக்டர் பிடித்தே இருக்கும். வேலை முடிந்து, பூட்டைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பின அந்த நொடியே ஃபேன் ஓட ஆரம்பிக்கும், யாரும் ஸ்டார்ட் அமுக்காமலேயே. பெல்ட்டை மூடும் கார்டைத் திருப்பி மாட்டாமல் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்த ஆளின் கை அப்போது எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மருந்து உண்டு. ஐசொலேட்டரில் ஒரு துணை முனையைச் சேர்த்து, அதைக் காயில் சர்க்யூட்டோடு தொடராக இணைக்க வேண்டும். அது மெயின் முனைகளுக்கு முன்னால் திறந்து, பின்னால் மூட வேண்டும். கைப்பிடி திரும்பியதும் காண்டாக்டர் விட்டுவிடும். திரும்ப ஓட்ட ஸ்டார்ட் அமுக்கியே ஆக வேண்டும். இதற்கு ஒரு கன்ட்ரோல் கேபிளைப் பேனல் வரை இழுக்க வேண்டும் என்பதால் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். கேபிள் காசை மிச்சம் பிடிக்க இது இடம் இல்லை.

அந்த மருந்திலும் ஒரு பக்க விளைவு. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார், மோட்டார் கிளம்பவில்லை என்றால் சரி என்று எல்லா நடைமுறைக் கையேடும் சொல்லும். பேனல் முறையில் இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. தப்பான ஃபீடரைப் பூட்டியிருந்தால் மோட்டார் கிளம்பிக் காட்டிக் கொடுத்துவிடும். துணை முனை வைத்த ஐசொலேட்டரில் அதே சோதனை, துணை முனை திறந்ததை மட்டும்தான் நிரூபிக்கிறது. உள்ளே ஷாஃப்ட் உடைந்து மெயின் முனை மூடியே இருந்தாலும் மோட்டார் கிளம்பாது. ஆகவே இங்கே ஸ்டார்ட் பட்டனை நம்பக் கூடாது, மீட்டர்தான் சாட்சி. தரமான கருவிகளில் முனைகள் உண்மையிலேயே விலகினால்தான் கைப்பிடி பூட்டும் நிலைக்கு வரும். ஐ.இ.சி. 60947-3 தரநிலை ஐசொலேட்டரிடம் எதிர்பார்ப்பதும் இந்த நாணயத்தைத்தான். சந்தையில் அதே சிவப்பு–மஞ்சள் முகத்தோடு கிடைக்கும் எல்லாப் பெட்டியும் அதைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, ஸ்டார்–டெல்டா. நம் மில்களில் நடுத்தர மோட்டார்களுக்கு இதுதான் வழக்கம், ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு ஆறு வயர் போகும். அதில் மூன்று முனை ஐசொலேட்டரை மாட்டினால் மூன்று வயர்தான் அறும். மீதி மூன்றின் வழியே டெர்மினலுக்கு மின்சாரம் வரலாம். ஆறு முனைக் கருவி வேண்டும். பெட்டி பெரிதாகும், விலையும் கூடும். ‘இருக்கிறதை வைத்து’ மாட்டுகிற வயர்மேன் இந்த இடத்தில்தான் சறுக்குவார்.

மூன்றாவது, டிரைவ். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இப்போது ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன்களில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ் பரவிவிட்டது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஐசொலேட்டரை வைத்து, ஓடும்போது திறந்தால் முனைகளில் ஆர்க் அடிக்கும், டிரைவ் பழுதாகவும் கூடும். திறந்து வைத்ததை டிரைவ் ஓடும்போதே மூடினால், மோட்டார் ஒரேயடியாக இழுக்கும் கரன்ட்டில் டிரைவ் டிரிப் ஆகும். இங்கேயும் முன்னால் திறக்கும் துணை முனைதான் வழி. அது டிரைவின் ‘ஓட அனுமதி’ இணைப்பில் சேர வேண்டும். டிரைவை ஸ்டாப்பில் வைத்துவிட்டு, டிஸ்ப்ளேயில் சுழியத்தைக் காட்டி, “கரன்ட் இல்லைங்க” என்று சொல்கிறவர்களை என்ன செய்வது? வெளியீட்டு முனைக்கும் உள்ளே இருக்கும் நேர்மின்னோட்டப் பஸ்ஸுக்கும் நடுவே குறைகடத்தி மட்டும்தான் இருக்கிறது. அது சுவிட்ச் ஆகுமே தவிர ஐசொலேட்டர் ஆகாது. பேனலில் மெயினை இறக்கினாலும் டிரைவின் கெபாசிட்டர்கள் உடனே காலியாவதில்லை. எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று அதன் உடம்பிலேயே ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கரின் மேல் ஃபோன் நம்பர் எழுதி வைத்திருக்காமல் இருந்தால் படிக்கலாம்.

நான்காவது, மோட்டாரின் ஹீட்டர். பெரிய மோட்டார்களில், நிற்கும்போது வைண்டிங்கில் ஈரம் கோக்காமல் இருக்க உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருப்பார்கள். அதற்குச் சப்ளை வேறு சர்க்யூட்டிலிருந்து வரும், அதுவும் மோட்டார் நின்றால்தான் வரும். மெயினை மிகச் சரியாக அறுத்துப் பூட்டிய அதே வேளையில் ஹீட்டர் உயிர் பெறுகிறது. இதில் பக்கத்து ஐசொலேட்டரும் தோற்கும், பேனலில் மெயின் ஃபீடரை மட்டும் எடுக்கிறவரும் தோற்பார். வித்தியாசம், பேனல் ரூமில் நிற்கிறவருக்கு அந்த ஹீட்டர் ஃபீடரும் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. மோட்டார் பக்கத்தில் நிற்கிறவருக்கு அது பெட்டியில் நுழையும் இன்னொரு மெல்லிய கேபிள், அவ்வளவுதான்.

கெபாசிட்டரையும் சொல்லிவிடுகிறேன். பவர் ஃபேக்டருக்காக ஸ்டார்ட்டர் பக்கம் மாட்டிய கெபாசிட்டர், சாதாரணமாக மோட்டார் வைண்டிங் வழியாகவே காலியாகிவிடும். நடுவில் ஐசொலேட்டர் வந்தால் அந்த வழி அடைபடுகிறது. பிறகு கெபாசிட்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டரைத்தான் நம்ப வேண்டும். ஐ.இ.சி. தரநிலைப்படி அது 3 நிமிஷத்துக்குள் 75 வோல்ட்டுக்கு இறக்க வேண்டும். ரெசிஸ்டர் நல்லபடி இருந்தால்.

இவ்வளவையும் அடுக்கிய பிறகும் பெல்ட் மாற்ற, ஜாமான பஞ்சை எடுக்க, பேரிங்குக்கு கிரீஸ் வைக்க நான் பக்கத்து ஐசொலேட்டரைத்தான் கேட்பேன். காரணம், மேலே சொன்ன ஓட்டைகள் எல்லாம் வடிவமைப்பில் ஒரு தடவை அடைத்தால் அடைபடுபவை. பேனல் முறையின் ஓட்டை ஒவ்வொரு ஷிஃப்டிலும், ஒவ்வொரு போன் பேச்சிலும் புதிதாகத் திறப்பது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஐந்து நிமிஷ வேலைக்கு யாரும் வயர்மேனைத் தேடிப் போவதில்லை. இரவு ஷிஃப்டில் ஒரே வயர்மேன், அவர் வேறு பிரேக்டவுனில் இருப்பார். ஃபில்டரில் சுற்றிக்கொண்ட பஞ்சைப் பிய்க்க ஸ்டாப்பை மட்டும் அமுக்கிவிட்டுக் கை விடுவார்கள். தூரத்தில் இருக்கும் நல்ல பூட்டை விட, பக்கத்தில் இருக்கும் பூட்டு அதிகத் தடவை பூட்டப்படும்.

ஆனால் வேலை டெர்மினல் பெட்டிக்குள் போகிறது என்றால் நான் கட்சி மாறுவேன். கேபிளைக் கழற்றுவது, மெக்கர் வைத்து இன்சுலேஷனைச் சோதிப்பது, மோட்டாரையே தூக்கி ரீவைண்டிங்குக்கு அனுப்புவது எல்லாம் எப்படியும் வயர்மேன் வேலை. அவர் பேனலுக்குப் போவதில் கஷ்டம் இல்லை. ஐசொலேட்டர் பெட்டியைத் திறக்கவே பேனலில் அறுத்தாக வேண்டும், ஏனென்றால் கைப்பிடி எந்த நிலையில் இருந்தாலும் உள்ளே வரும் பக்கத்து முனைகள் 415 வோல்ட்டில்தான் இருக்கும். பல மோட்டார் சேர்ந்த, பஞ்சைப் பிரிக்கும் ப்ளோ ரூம் வரிசைக்குள் ஆள் இறங்கும்போதும் பேனல்தான் வசதி. பத்து ஐசொலேட்டரைத் தேடித் தேடிப் பூட்டினால் ஒன்பதாவதோடு நின்றுவிடுகிற மனசு எல்லோருக்கும் உண்டு; வரிசையின் இன்கமர் என்ற மெயின் சுவிட்சை ஒரு தடவை பூட்டி, அந்தச் சாவியை ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியில் ஆளுக்கொரு பூட்டு மாட்டுவது மேல். 3.3, 6.6 கிலோவோல்ட் மோட்டார்களுக்கு இந்த விவாதமே கிடையாது. பிரேக்கரை வெளியே இழுத்து, பூட்டி, எர்த் பண்ணியாக வேண்டும். சென்னை மணலி மாதிரி எரிவாயு கசியக்கூடிய ஆலைப் பகுதிகளிலும், வெளியே வைக்கும் சுவிட்ச் தீப்பொறியை உள்ளடக்கும் கனத்த வார்ப்புப் பெட்டியாக இருக்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் சப்ஸ்டேஷனில் அறுப்பதையே வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு முறையும் சேர்ந்து கைவிடும் இடமும் அதே எக்ஸாஸ்ட் ஃபேனில் உண்டு. ஒரே ஹாலுக்கு நாலு ஃபேன் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், ஒன்றை நிறுத்தும்போது மற்ற மூன்றின் இழுப்பில் காற்று இதன் வழியாகத் திரும்பி வந்து ஃபேனைப் பின்னோக்கிச் சுற்றும். மின்சாரம் துளியும் இல்லை, பூட்டு ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் புல்லி திரும்பும். பெல்ட்டை ஏற்றும் விரல் அதற்குள் போய்விடும். டேம்பரை மூடி, இம்பெல்லரைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். காந்த ரோட்டர் வைத்த புது மோட்டார்களில் இன்னொரு சங்கடம்: காற்றில் சுற்றும்போது அது ஜெனரேட்டராகி டெர்மினலில் வோல்ட்டேஜைக் காட்டும். ஐசொலேட்டர் திறந்திருந்தாலும், பேனலில் ஃப்யூஸே இல்லாவிட்டாலும்.

சோதிப்பதும் பொதுவான பாடுதான். நியான் பல்பு வைத்த ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டர் எரிந்தால் கரன்ட் இருக்கிறது என்று அர்த்தம். எரியவில்லை என்றால் எதுவும் அர்த்தம் இல்லை. ரப்பர் மேட்டில் நின்றால் எரியாமல் போகலாம், வெளிச்சத்தில் எரிந்தாலும் தெரியாது, பழுதானாலும் எரியாது. உயிருள்ள இடத்தில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறது என்று பார்த்து, பிறகு மோட்டார் டெர்மினலில் மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்றும் எர்த்தோடும் பார்த்து, மறுபடி உயிருள்ள இடத்தில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். இதில் பேனல்காரர்கள் செய்யும் தப்பு, பேனலிலேயே சோதித்துவிட்டு வருவது. பேனலில் சோதித்தால் எடுத்த ஃபீடர் இறந்ததுதான் தெரியும். அது இந்த மோட்டாருடையதா என்று மோட்டார் பக்கத்தில்தான் தெரியும்.

ஐசொலேட்டர் வாங்குவதென்று முடிவு செய்தால், ஆம்பியரை மட்டும் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள். 10 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் 14 ஆம்பியர் போல எடுக்கும், நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போல ஆறு, ஏழு மடங்கு. பேரிங் இறுகி நின்றுவிட்ட மோட்டாரைப் பதறிப்போய் ஐசொலேட்டரில் அறுக்கும்போது முனைகளில் ஓடுவது அந்தக் கரன்ட்தான். ஏ.சி.-23ஏ என்ற வகைக் கருவி, தன் மதிப்பைப் போல 10 மடங்கில் மூடி, 8 மடங்கில் திறந்து சோதனையில் தேறியது. ஏ.சி.-22 வகைக்கு 3 மடங்குதான். லேபிளில் இந்த எழுத்து ஒரு ஓரத்தில் சின்னதாக இருக்கும், விலையில் பெரிதாக இருக்கும். பஞ்சும் ஈரமும் ஒன்றாகப் பறக்கும் அறை என்பதால் கேஸ்கெட் உள்ள, தூசும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 பெட்டியைக் கேளுங்கள். கேபிளைக் கீழ்ப்பக்கக் கிளாண்ட் வழியாகவே ஏற்றுங்கள். மேலிருந்து நுழைத்தால் தெளிப்பான் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். கைப்பிடி ஃபேன் அறையின் வாசலுக்கு வெளியே, மோட்டாரைப் பார்த்தபடி இருக்கட்டும், கார்டுக்கு உள்ளே கைவிட்டுத் திருப்பும்படி இருக்கக் கூடாது.

எல்லா மோட்டாருக்கும் ஒரே வருஷத்தில் மாட்ட எந்த மில் முதலாளியும் சம்மதிக்க மாட்டார். வரிசை போடுவதென்றால் நான் ஃபில்டர் மோட்டாரில் தொடங்குவேன், அங்கேதான் கை அடிக்கடி போகிறது. அடுத்து எக்ஸாஸ்ட், சப்ளை ஃபேன்கள். தண்ணீர்ப் பம்பு கடைசி. அதற்குள் பேனல் பக்கத்துக்குச் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் ஒவ்வொரு ஃபீடராக இறக்கி, எந்த மோட்டார் செத்தது என்று மோட்டார் பக்கத்தில் மீட்டரோடு நிற்கிறவர் சொல்ல, பெயர்ப் பலகையை அதன்படி திருத்தி, அதே பெயரை மோட்டாரின் மேலும் பெயின்ட்டால் எழுதிவிடுவது.